வாலட்டைல் என்றால் வெறும் ‘நிலையற்ற’ தானா?

கேள்வி இதுதான். குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், மழையில் தொழிற்சாலை ரோட்டுக்கு மேலே மண் இளகி நிற்பதைப் பற்றி மேலாளருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதியிருக்கிறார். அதில் ‘தி ரோட் இஸ் வாலட்டைல்’ என்று ஒரு வரி. மேலாளர் அந்த வார்த்தையை அடித்துவிட்டு ‘அன்ஸ்டேபிள்’ என்று போட்டிருக்கிறார். அதே மெயிலில் கொஞ்சம் கீழே, பச்சை இலை விலை வாலட்டைலாக இருக்கிறது என்று எழுதியதை மட்டும் தொடவே இல்லை. அகராதியில் இரண்டு வார்த்தைக்கும் ‘நிலையற்ற’ என்றுதானே இருக்கிறது, அப்புறம் ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் என்ன கணக்கு, இதை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று கேட்கிறார்.

மேலாளர் திருத்தியது சரி. ஆனால் நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதும் எனக்கு நன்றாகப் புரிகிறது. கோத்தகிரியில் இருபது வருடத்துக்கும் மேலாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த ஒரு வார்த்தையில் வழுக்காத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு ஆங்கில வார்த்தைக்கு எதிரே ஒரே ஒரு தமிழ் வார்த்தையை வைத்து மனப்பாடம் செய்கிறோம். அன்ஸ்டேபிள், வாலட்டைல், பிரிகேரியஸ், ஷேக்கி, ஃபிக்கிள் எல்லாமே ‘நிலையற்ற’ என்ற ஒரே சாக்குக்குள் போய் விழுந்துவிடுகின்றன. சாக்கைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் வேறு வேறு சரக்கு என்று தெரியும்.

வாலட்டைல் என்பதன் வேர் லத்தீன். ‘வொலாரே’ என்றால் பறப்பது. அதிலிருந்து ‘வொலாட்டிலிஸ்’, பறக்கக்கூடியது, சிறகுள்ளது. நாம் விளையாடும் வாலிபாலில் இருக்கும் ‘வாலி’யும் இதே குடும்பம்தான், பந்து தரையைத் தொடாமல் பறந்துகொண்டிருப்பதால் அந்தப் பெயர். 1300 வாக்கில் ஆங்கிலத்தில் இந்த வார்த்தை பறவை, பட்டாம்பூச்சி மாதிரி சிறகுள்ள உயிர்களுக்கே பெயராக இருந்தது. 1600ஐ ஒட்டித்தான் ‘சீக்கிரம் ஆவியாகிற’ என்ற பொருள் வருகிறது, 1640களில் மனிதர்களின் குணத்துக்கு வருகிறது. எரிமலைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் வால்கேனோவுக்கும் இதற்கும் உறவு உண்டு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது கிடையாது. அந்தப் பெயர் ரோமானியர்களின் நெருப்புக் கடவுளான வல்கனிடமிருந்து வந்தது. இந்தக் குழப்பத்தால்தான் வாலட்டைல் என்றாலே வெடிக்கும் என்று பலர் மனதில் பதிந்துபோயிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆக, உள்ளே இருக்கும் படம் பறப்பது. கால் ஊன்றிய இடம் ஆடுவது இல்லை. இருந்த இடத்திலிருந்து சட்டென்று எழும்பிப் போய்விடுகிற குணம். தமிழில் இதற்கு நான் எப்போதும் காட்டும் பொருள் கற்பூரம். பூஜை அலமாரியில் கற்பூர டப்பாவை மூடாமல் விட்டால் ஒரு மாதத்தில் வில்லை பாதியாகிவிடும். யாரும் எடுக்கவில்லை, உருகி ஓடவும் இல்லை, அப்படியே காற்றோடு போய்விட்டது. அதனால்தான் வீட்டில் பெரியவர்கள் டப்பாவுக்குள் நாலு மிளகைப் போட்டு மூடியை இறுக்கி வைப்பார்கள். ‘காற்றில் கரைந்த கற்பூரம்’ என்று நாம் சொல்வதும், சொன்னவுடன் பிடித்துக்கொள்ளும் பிள்ளையைக் ‘கற்பூர புத்தி’ என்பதும் ஒரே குணத்தைப் பார்த்துச் சொன்னவைதான்: கொஞ்சம் தூண்டினால் போதும், நிலை மாறிவிடும். கற்பூரத்தின் கட்டுமானத்தில் பழுது ஒன்றும் இல்லை. அதன் இயல்பே அது. வாலட்டைல் என்ற வார்த்தையில் இந்த ‘இயல்பே அப்படி, மாற்றம் வேகமாக வரும்’ என்ற இரண்டும் சேர்ந்திருக்கிறது.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். யூக்கலிப்டஸை இங்கே நாம் கற்பூர மரம் என்றுதானே சொல்கிறோம்! 1843இல் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட மரம் அது. (நீலகிரிக்கு நீலம் என்ற பெயர் அந்த மரத்தின் புகைமூட்டத்தால் வந்தது என்று சுற்றுலா வருகிறவர்களுக்குச் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. மரம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே மலைக்கு அந்தப் பெயர் இருந்தது.) இலையில் இருப்பது வாலட்டைல் ஆயில், அதாவது எளிதில் ஆவியாகும் எண்ணெய். அதில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள், அதற்கு யூக்கலிப்டால் என்றும் பெயர் உண்டு.

சின்ன வயதில் எங்கள் ஊருக்குக் கீழே ஓடையோரம் ஒரு தைலக் கொட்டகை இருந்தது. சருகைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து பெரிய அண்டாவுக்குள் கொட்டி, காலால் மிதித்து அமுக்குவார்கள். தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, மூடிக்கும் விளிம்புக்கும் இடையே இருக்கும் சந்தில் குழைத்த மண்ணை விரலால் அப்பிக்கொண்டே வருவார் ஒரு பெரியவர். அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். ஒருநாள் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது மண் காய்ந்து ஓரிடத்தில் நூல் மாதிரி கீறல் விட்டது. பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் வாசனை குப்பென்று அடித்தது. அவர் ஓடிவந்து ஈர மண்ணை வைத்து அமுக்கிக்கொண்டே, ‘தைலம் ஊருக்குப் போகுது, குப்பிக்கு வர மாட்டேங்குது’ என்றார். வாலட்டைல் என்ற வார்த்தையைப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை, அந்தக் கீறல் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் அந்தக் கொட்டகையில் கவனிக்க வேண்டியது. சினியோலின் கொதிநிலை சுமார் 176 டிகிரி. தண்ணீருடையது 100. ஊட்டி மாதிரி 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் இங்கே பருப்பு வேக நேரமாகிறது. அப்படியிருக்க 176 டிகிரி எண்ணெய் எப்படித் தண்ணீரோடு சேர்ந்து வருகிறது? வாலட்டைலாக இருப்பது என்றால் கொதிக்கும் வரை காத்திருப்பது இல்லை. கொதிநிலைக்கு எவ்வளவோ கீழேயே, சாதாரண வெயிலிலேயே அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காதவை என்பதால், சூடாக்கும்போது இரண்டின் ஆவி அழுத்தமும் கூடி, தண்ணீர் தனியாகக் கொதிக்கும் வெப்பத்துக்கும் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடுகின்றன. குழாய் வழியாக ஓடைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்ததும் கீழே சொட்டும், தைலம் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும், அதை வடித்து எடுப்பார்கள்.

வேதியியலில் வாலட்டைல் என்பதற்கு எதிர்ச்சொல் ‘ஸ்டேபிள்’ இல்லை என்பதை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சொல் ‘ஃபிக்ஸ்டு’. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடுகு எண்ணெய் எல்லாம் ஃபிக்ஸ்டு ஆயில் வகை, அவை போட்ட இடத்தில் கிடக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு யூக்கலிப்டஸ் தைலம், பக்கத்தில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். இரண்டும் தாளைக் கண்ணாடி மாதிரி ஆக்கும். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் தைலக் கறை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து காணாமல் போகும், தேங்காய் எண்ணெய்க் கறை நாளைக்கும் இருக்கும், அடுத்த வாரமும் இருக்கும். கடையில் வாங்கிய தைலம் இப்படிக் கறையை விட்டுவைத்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று அர்த்தம். டர்பென்டைன் மாதிரி அதுவும் பறக்கிற சரக்கைக் கலந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையில் சிக்காது. ஊட்டிக் கடைத்தெருவில் தைலம் வாங்கும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

சரி, வெடிக்கிற விஷயம். வாலட்டைல் என்றால் தீப்பிடிக்கும், வெடிக்கும் என்று பொருள் இல்லை. சீக்கிரம் ஆவியாகும், அவ்வளவுதான். பெட்ரோல் ஆவியாகும், அந்த ஆவி தீப்பிடிக்கவும் செய்யும் என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகிறது. கார்பன் டெட்ராகுளோரைடு என்றொரு திரவம் நன்றாகவே ஆவியாகும், ஆனால் எரியாது, ஒருகாலத்தில் தீயணைப்பானிலேயே அதைப் போட்டு வைத்திருந்தார்கள். இதற்கு நேர் எதிர்ப் பக்கம் நைட்ரோகிளிசரின். அது அவ்வளவாக ஆவியாகாது, ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் வெடிக்கும். அதை அன்ஸ்டேபிள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கில நாளிதழ்களிலேயே இந்த இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், நீங்கள் எழுதும்போது பிரித்து எழுதுங்கள்.

பழைய காலத்து ஐரோப்பிய ரசவாதிகள் வாலட்டைல் என்று அதிகம் பேசியது பாதரசத்தைப் பற்றி. நம் சித்தர் மரபிலும் பாதரசத்தைக் ‘கட்டுவது’ என்றுதானே சொல்கிறார்கள், ரசமணி, ரசக்கட்டு என்றெல்லாம்! ஓடுவதையும் பறப்பதையும் ஓரிடத்தில் நிறுத்துவது கட்டு. ஃபிக்ஸ்டு என்ற வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழை நான் பார்க்கவில்லை. பாதரசம் கொதிக்க 357 டிகிரி வேண்டும், ஆனாலும் அறை வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல், வாசனையும் இல்லாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். இதன் விலை என்ன என்று பழனி மலைக்காரர்களைக் கேட்க வேண்டும். கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடை வரை வந்திருந்தது வெளியே தெரிந்த பிறகு. அங்கே வேலை பார்த்தவர்கள் நிவாரணத்துக்காகப் போராடி, 2016இல்தான் உடன்பாடு வந்தது. தரையில் சிந்திய பாதரசத்தைத் துடைத்துவிட்டால் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு, அது வாலட்டைல் என்ற ஒரு வார்த்தை ஒழுங்காகப் புரிந்திருந்தால், ஜன்னலையாவது திறந்து வைத்திருப்பார்கள். ஒரு சொல்லின் அர்த்தம் உயிர் விஷயமாகவும் இருக்கலாம் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இப்போது விலைக்கு வருவோம், உங்கள் மெயிலில் நீங்கள் சரியாக எழுதிய இடம். விலை வாலட்டைல் என்றால் என்ன? விலை இறங்குகிறது என்பது இல்லை. குறுகிய காலத்தில் மேலும் கீழுமாக அடிக்கடி பாய்கிறது என்பது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஒரு தொழிற்சாலை நாலு மாதமும் கிலோவுக்கு 18 ரூபாய் கொடுக்கிறது. இன்னொன்று 12, 24, 14, 22 என்று கொடுக்கிறது. கூட்டி வகுத்தால் இரண்டுமே 18தான். முதல் இடத்தில் இலை போடுகிறவர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டத் தேதி குறித்துவிடலாம். இரண்டாவது இடத்தில் இலை போடுகிறவருக்கு அந்த மாதம் 12ஆ 22ஆ என்பது தெரியும்வரை எதுவும் சொல்ல முடியாது. சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்று அளக்கும் கணக்குதான் வாலட்டிலிட்டி. முதல் இடத்தில் அது பூஜ்யம், இரண்டாவதில் அந்த விலகல் (கணக்கில் திட்டவிலக்கம் என்பார்கள்) சுமார் 5 ரூபாய். மூன்றாவதாக ஒருவர் 18, 17, 16, 15 என்று கொடுத்தால்? அது வேறு சங்கதி. விலை சீராகச் சரிகிறது, வருத்தமான செய்திதான், ஆனால் அதை வாலட்டைல் என்று எழுதுவது பொருந்தாது, ‘டிக்ளைனிங்’ அல்லது ‘ஃபாலிங்’ என்று எழுத வேண்டும்.

1990களின் கடைசியில் இலை விலை விழுந்து, வருடக்கணக்கில் எழும்பாமல் கிடந்ததே, அதை அனுபவித்த எந்தச் சிறு விவசாயியும் வாலட்டைல் என்று சொல்ல மாட்டார். சோவியத் நாடு நம் தேயிலைக்குப் பெரிய வாடிக்கையாளர், 1991இல் அந்த நாடே உடைந்த பிறகு அந்தச் சந்தை பழையபடி நம்பத்தக்கதாக இல்லை. அப்போது நடந்தது சரிவு, மந்தம், ஆங்கிலத்தில் ஸ்லம்ப். குன்னூரில் 1963 முதல் ஏல மையம் இருக்கிறது. வாரா வாரம் அங்கே தூள் விலை ஏறி இறங்குவதும், அதை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்கு விலை அறிவிப்பதும், அது போன மாதத்தைவிட இரண்டு ரூபாய் கூடவோ குறையவோ வருவதும்தான் வாலட்டிலிட்டி. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் ஊட்டி கேரட்டையும் பூண்டையும் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். காலையில் ஒரு விலை, வரத்து கூடிவிட்டால் மறுநாள் வேறு விலை. தமிழில் இதற்கு ‘ஏற்ற இறக்கம்’ என்று கச்சிதமான வார்த்தை இருக்கிறது, ‘நிலையற்ற விலை’ என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. பங்குச் சந்தையிலும் இதே அர்த்தம்தான். இந்தியா விக்ஸ் என்று தேசியப் பங்குச் சந்தை 2008இல் கொண்டுவந்த குறியீடு, நிஃப்டி என்ற பங்கு விலைக் குறியீடு அடுத்த 30 நாளில் எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதைச் சொல்கிறது. ஏறுமா இறங்குமா என்பதை அது சொல்லாது. சந்தை தடாலென்று ஏறினாலும் அது வாலட்டைல்தான், இதை மறந்துவிடாதீர்கள்.

மனிதர்களுக்கு இந்த வார்த்தையைச் சொல்லும்போது கவனம் வேண்டும். ‘ஹி இஸ் வாலட்டைல்’ என்றால் முணுக்கென்றால் கொதித்துவிடுகிறவர், அடுத்த நிமிடம் சிரித்தாலும் சிரிப்பார். நம்மூர் ‘முன்கோபி’ இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் முழுதாக வராது, ஏனென்றால் வாலட்டைல் ஆளின் சந்தோஷமும் அதே வேகத்தில் ஏறி இறங்கும். ‘ஹி இஸ் அன்ஸ்டேபிள்’ என்று சொன்னால் கதையே வேறு, மனநிலை சரியில்லாதவர் என்று காதில் விழும், ஒருவரைப் பற்றி அலுவலகத்தில் அப்படி எழுதிவிடக் கூடாது. ‘ஃபிக்கிள்’ என்றால் இன்றைக்கு ஒரு கட்சி நாளைக்கு ஒரு கட்சி, சபல புத்தி, அதில் கோபம் கிடையாது. ‘மெர்க்யூரியல்’ என்று இன்னொரு வார்த்தை உண்டு, ஆங்கிலத்தில் பாதரசத்தின் பெயரும் ரோமானியக் கடவுள் ஒருவரின் பெயரும் மெர்க்குரிதான், அதிலிருந்து வந்தது. மெர்க்யூரியல் என்று சொல்வதில் கொஞ்சம் பாராட்டும் கலந்திருக்கும், கலைஞர்களைப் பற்றி அப்படி எழுதுவார்கள்.

ஊரில் ஏதோ தகராறு, கூட்டம் கூடி நிற்கிறது, இன்னும் யாரும் கை வைக்கவில்லை, ஒரு கல் விழுந்தால் போதும் என்ற நிலை. இதுதான் ‘வாலட்டைல் சிச்சுவேஷன்’. நம் செய்தித்தாள்கள் ‘பதற்றமான சூழல்’ என்று எழுதுவது சரியான தமிழ்தான். ‘டென்ஸ்’ என்பதற்கும் அதே பதற்றம்தான் என்றாலும், டென்ஸ் என்றால் இறுக்கமாக நிற்கிறது என்று மட்டும் பொருள், வாலட்டைலில் எந்த நிமிடமும் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்ற எச்சரிக்கை கூட இருக்கிறது. வானிலைக்கு? ஊட்டியில் காலை ஒன்பதுக்கு வெயில், பன்னிரண்டுக்கு மஞ்சு மூடி, ரெண்டு மணிக்கு மழை என்று இருப்பதை வாலட்டைல் என்று எழுதினால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஆங்கிலத்தில் அதற்கு இயல்பாக வரும் வார்த்தை ‘சேஞ்சபிள்’.

கம்ப்யூட்டரில் வாலட்டைல் மெமரி என்றால் மின்சாரம் இருக்கும்வரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கும் ரேம். ஜூலைக் காற்றில் கம்பி மேல் மரக்கிளை விழுந்து கரண்ட் போனால், சேமிக்காமல் அடித்துக்கொண்டிருந்த இலை எடைக் கணக்கெல்லாம் போய்விடும், இது உங்கள் அலுவலகத்திலும் நடந்திருக்கும். கற்பூரம் மாதிரி தடயமே இல்லாமல் போவதால் அந்தப் பெயர் பொருந்துகிறது. கம்ப்யூட்டருக்கு சி மொழியில் நிரல் எழுதுகிற பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதில் வாலட்டைல் என்றே ஒரு சொல் உண்டு. இந்த மதிப்பு நிரலுக்குத் தெரியாமலே வெளியிலிருந்து மாறலாம், அதனால் பழைய மதிப்பை நம்பாதே, ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டு வா என்று, நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலருக்குச் சொல்வது அது. இலை விலையும் அப்படித்தானே, போன வாரம் கேட்டதை வைத்து இந்த வாரம் கணக்குப் போட முடியாது.

இனி உங்கள் ரோடு. மண் இளகிய சரிவுக்கு வாலட்டைல் ஏன் ஆகாது என்றால், அது பறப்பதும் இல்லை, மாறி மாறி ஆடுவதும் இல்லை. அது நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் நிற்பதற்குத் தேவையான பிடி அடியில் போய்விட்டது. ‘ஸ்டேபிள்’ என்பதும் லத்தீன்தான், ‘ஸ்டாரே’, நிற்பது என்ற வேர். அன்ஸ்டேபிள் என்றால் நிற்க முடியாதது. நம் மலையில் மேலே தடிமனாக மண், கீழே பாறை. வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் ஊற்றும்போது தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அதன் எடையைக் கூட்டி, மண்துகள்களுக்கு இடையே இருந்த பிடிமானத்தையும் தளர்த்திவிடுகிறது. ரோட்டுக்காகச் சரிவின் காலை வெட்டியிருந்தால், அல்லது வடிகால் அடைத்திருந்தால், இன்னும் சீக்கிரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் விழுந்து மலை ரயிலை நிறுத்துவதை நாம் எத்தனை நவம்பரில் பார்த்திருக்கிறோம். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் போனார்கள். அந்தச் சரிவுகளும் முந்தைய நாள் வரை பார்வைக்கு அசையாமல்தான் நின்றன. அதனால் இந்த இடத்தில் வார்த்தை மாறினால் செய்தியே மாறிவிடும்: வாலட்டைல் என்று படிக்கிறவர், நிலைமை கூடக் குறைய இருக்கும் போல, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். அன்ஸ்டேபிள் என்று படிக்கிற பொறியாளர் உடனே எழுந்து வந்து பார்ப்பார். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், நோயாளி அன்ஸ்டேபிள் என்று டாக்டர் சொன்னால் ரத்த அழுத்தமும் மூச்சும் பிடி இல்லாமல் இருக்கின்றன என்று பொருள், அங்கே யாரும் வாலட்டைல் என்று சொல்வதில்லை.

சரிவின் விளிம்பில் வேர் பாதி வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் கற்பூர மரத்துக்கும், அதற்கு நேர் கீழே இருக்கும் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்கும் இன்னொரு வார்த்தை: பிரிகேரியஸ். இதன் வேர் எனக்கு ரொம்பப் பிடித்தது. லத்தீனில் ‘வேண்டிக் கேட்டுப் பெற்றது’ என்று பொருள், பிரேயர் என்ற வார்த்தைக்கு உறவு. அதாவது தன் பலத்தில் இல்லாமல் இன்னொருவர் தயவில் ஓடிக்கொண்டிருப்பது. ‘நித்திய கண்டம் பூரண ஆயுசு’ என்று நாம் சொல்வது இதைத்தான். நிரந்தரம் இல்லாத கூலி வேலையையும் அப்படியே சொல்லலாம். ஷேக்கி, வாப்ளி, ரிக்கெட்டி மூன்றும் பொருள்களுக்கு. கால் ஆடும் பெஞ்ச் வாப்ளி, ஆணியெல்லாம் கழன்று லொடலொடக்கும் பழைய ஏணி ரிக்கெட்டி. ஷேக்கி என்பதை நம்பிக்கைக்கும் சாட்சிக்கும்கூடச் சொல்லலாம்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ்காரர்கள் ‘வொலட்டைல்’ என்று கடைசியை நீட்டுவார்கள், அமெரிக்கர்கள் ‘வாலடில்’ என்று முடித்துவிடுவார்கள், இரண்டுமே சரி. அழுத்தம் முதல் அசையில். பெயர்ச்சொல்லான வாலட்டிலிட்டியில் மட்டும் அழுத்தம் ‘லி’க்கு முன்னால் வரும் ‘டி’க்கு நகரும்.

உங்கள் மெயிலை நான் எழுதுவதாக இருந்தால், ரோடு என்று பொதுவாகச் சொல்லாமல் எது ஆபத்து என்று குறிப்பாகச் சொல்வேன்: ‘தி ஸ்லோப் அபவ் தி ஃபேக்டரி ரோட் இஸ் அன்ஸ்டேபிள்’. எந்த வளைவுக்கு மேலே, எத்தனை அடி நீளத்துக்கு வெடிப்பு தெரிகிறது, வடிகாலில் கலங்கல் தண்ணீர் வருகிறதா என்று அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள், முடிந்தால் போட்டோவும். மரம் ஏதாவது சாய்ந்து நின்றால் அதற்குத் தனியாக ஒரு வரி, அங்கே பிரிகேரியஸ் போடலாம். இலை விலைப் பத்தியில் வாலட்டைலை அப்படியே விட்டுவிடுங்கள், கூடவே கடைசி மூன்று நாலு மாத விலையையும் எழுதினால் படிக்கிறவருக்கு ஏற்ற இறக்கம் கண்ணில் தெரியும்.